சல்லரியை அழிக்க முதல்

எங்கட வீட்டு அலுமாரிக்குள்ள ஒரு கசற் கிடக்கு. அறுபது நிமிசக் கசற், உறை இல்லை. ஒட்டியிருந்த தாளில் நீலப் பேனையால் எழுதினதெல்லாம் மங்கிப்போய், "கூத்து" என்ற சொல் மட்டும் மிச்சமாக இருக்கிறது. எண்பதுகளில் வெல்லாவெளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் விடிய விடிய ஆடின வடமோடிக் கூத்தின் ஒரு துண்டு அது. அதில் தருமராக ஆடியவர் என்ர அம்மப்பா. நான் பிறக்க முதலே அவர் காலமாகிவிட்டார். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தபோது அம்மா தூக்கிக்கொண்டு போன ஒரேயொரு பையில், உடுப்புகளுக்கு நடுவில், இந்தக் கசற்றும் இருந்தது. அம்மப்பாவின் குரல் இருக்கிற ஒரே இடம் இதுதான்.

போன வருஷம் ஒரு பழைய பிளேயரைத் தேடிப் பிடித்து, கசற்றை லப்டொப்பில் ஏற்றினேன். ஒரே இரைச்சல். மத்தளம் குரலுக்கு மேலே ஏறி நிற்கிறது. சல்லரி காதைக் குத்துகிறது. எங்கேயோ ஒரு பிள்ளை அழுகிறது. நானும் சும்மா இருக்கேல்ல. குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து தருகிற ஒரு இணையச் செயலியில் போட்டேன். இரண்டு நிமிசத்தில் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரிக் குரல். ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேசேல்ல. மறுகா சொன்னா: "நல்லாத்தான் கேக்குது. ஆனா இது அப்பாட குரல் இல்ல மனே."

அந்த ஒரு வசனத்துக்குப் பதில் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. மோசமாகப் பதிவான குரலைச் சுத்தம் செய்வது புதுச் செயலிகளோடு வந்த வேலை இல்லை. அதற்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கு. அந்தச் சரித்திரம் முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: எது குரல், எது இரைச்சல் எண்டு முடிவெடுக்கிறது ஆர்?

கூம்புக்குள் கத்தின காலம்

எடிசன் 1877 இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கிற கருவியைச் செய்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒலிப்பதிவில் மின்சாரமே இல்லை. பாடுகிறவர் ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு பிணைத்த ஊசி மெழுகில் கீறும். அவ்வளவுதான் பொறிமுறை. மெதுவாகப் பாடினால் ஊசி அசையாது. மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் கூம்புக்குள் சரியாகப் போகாது. அதனால் அந்தக் காலத்தில் "சுத்தம் செய்வது" பாடகரின் தொண்டையில் நடந்தது. கூம்புக்குப் பொருந்துகிற மாதிரி உரத்து, கூர்மையாகப் பாடத் தெரிந்தவர்களே தட்டில் நிலைத்தார்கள்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மணிக்கணக்கில் விரித்துப் பாடுகிற ஒரு கலையை மூன்று நிமிசத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. பாட்டின் முடிவில் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லுவார். காரணம் எளிது: தட்டுகள் அச்சானது ஜேர்மனியின் ஹனோவரில். அங்கே வேலை செய்தவர்களுக்கு இது யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டும். இன்றைக்கு ஒரு பாட்டைக் கலவை செய்கிறவர் கையில் அந்தத் தட்டைக் கொடுத்தால், பாட்டுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று முதல் வேலையாகக் கடைசி வசனத்தைத்தான் வெட்டுவார். ஆனால் நூறு வருசம் கழித்து அந்தத் தட்டைக் கேட்கிற எல்லோருக்கும் ஞாபகம் நிற்பது அந்த வசனம்தான்.

எங்கட பக்கத்துக்கு வருவோம். 1907–08 இல் சார்ள்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் இலங்கைக்கு வந்து வேடர் சமூகத்தை ஆய்வு செய்தார்கள். மெழுகு உருளைகளில் வேடர்களின் பாடல்களையும் பதிந்தார்கள். 1911 இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் கிழக்குக் கரையோர வேடரைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது, சி. எஸ். மயர்ஸ் என்ற அறிஞர் அந்த உருளைகளைக் கேட்டு எழுதின இசை பற்றிய அத்தியாயமும் இருக்கிறது. சில பாட்டுகள் இரண்டே இரண்டு சுரத்தில் நிற்பதை அவர் கணக்கெடுத்துக் காட்டினார். உருளைகள் இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில். கீழ்மாகாணக் காடுகளிலும் கரையிலும் வாழ்ந்த ஒரு சனத்தின் குரல் இத்தனை காலம் தங்கினது அந்த மெழுகினால்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மெழுகு உருளை சாவி கொடுத்துச் சுற்றுகிற இயந்திரத்தில் ஓடுவது. பதிகிறபோது ஓடின வேகத்திலேயே கேட்கிறபோதும் ஓட வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினால் சுருதி ஏறும், ஆண் குரல் பையன் குரலாகும். சுரத்தை அளக்கிற ஆய்வாளனுக்கு இது பெரிய தலையிடி. 1900 இல் தொடங்கின பெர்லின் ஒலிப்பதிவுக் களஞ்சியத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பாட்டுத் தொடங்க முதல், அளவு தெரிந்த ஒரு சின்னச் சுருதிக்குழலைக் கூம்புக்குள் ஊதிவிடுவார்கள். பிறகு கேட்கிறவர் அந்தக் குழலின் ஒலி சரியான சுருதிக்கு வரும்வரை வேகத்தைத் திருத்தினால் போதும். பாட்டும் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

இந்தக் குழலை மனசில் வைத்துக்கொள்ளுங்க. திரும்ப வருவோம்.

மைக்கும் நாடாவும்

1925 இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. மைக் வந்தவுடன் கத்தத் தேவையில்லாமல் போனது. காதுக்குள் பேசுகிற மாதிரிப் பாடலாம். அதே 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலியும் தொடங்கியது. பிறகு காந்த நாடா வந்தது. அதோடு ஒரு புது இரைச்சலும் வந்தது: "ஸ்ஸ்ஸ்" என்ற ஒரே சீரான ஓசை. நாடாவில் பூசின காந்தத் துகள்களின் ஒழுங்கின்மைதான் அந்த ஓசைக்குக் காரணம்.

1963 இல் பிலிப்ஸ் கம்பனி சின்னக் கசற்றை அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீற்றர்கூட இல்லை. வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் மட்டும் ஓடும். நாடா எவ்வளவு ஒடுக்கமோ, எவ்வளவு மெதுவாக ஓடுதோ அவ்வளவுக்கு இரைச்சல் கூடும். ரே டொல்பி இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பதிகிறபோது உயர்ந்த, மெல்லிய ஒலிகளைக் கொஞ்சம் தூக்கிப் பதிய வேண்டும். கேட்கிறபோது அதே அளவு இறக்க வேண்டும். ஒலி பழைய நிலைக்கு வரும். நடுவில் சேர்ந்த இரைச்சல் மட்டும் சேர்ந்து இறங்கிவிடும். 1960களின் முடிவில் இது வீட்டுக் கருவிகளுக்கும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த முறையில் பதியாத கசற்றை அந்தப் பொத்தானை அமத்திக் கேட்டால், இரைச்சலோடு சேர்ந்து ச, ஸ போன்ற எழுத்துகளும் மங்கிப்போகும். பாடுகிறவர் வாயில் துணியைக் கட்டினது மாதிரிக் கேட்கும். என்ர முதல் பிழை அதுதான். பிளேயரில் அந்தப் பொத்தான் ஏற்கெனவே அமந்திருந்ததை நான் கவனிக்கேல்ல.

குறைகள் எல்லாம் இருந்தும், கசற் செய்த வேலையைப் பெரிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றும் செய்யவில்லை. கொழும்புக்குப் போய் மைக்குக்கு முன்னால் நிற்க வாய்க்காத சனத்தின் குரல் கசற்றில் ஏறியது. பட்டிருப்புப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் பல ஊர்களுக்கு மின்சாரம் பிந்தித்தான் வந்தது. பற்றரியில் ஓடுகிற ஒரு ரெக்கோடர் இருந்தால் போதும். சவுதி, குவைத் என்று வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த ரெக்கோடர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் பதிவாகின. எங்கட ஊர்களின் ஒலிச் சரித்திரம் இருக்கிறது நூலகங்களில் இல்லை, அலுமாரிகளில்.

இரைச்சலைக் கணக்குப் போட்டுக் கழித்தவர்கள்

கணினி இந்த வேலைக்குள் வந்தது 1970களில். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஸ்ரொக்கம் என்ற பொறியியலாளர், இத்தாலியப் பாடகர் கருசோவின் பழைய தட்டுகளை எடுத்தார். கூம்பு தன் பங்குக்கு எந்தெந்த ஒலியை வீங்க வைத்தது, எதை அமுக்கியது என்று கண்டுபிடித்தால் அதைத் திருப்பிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அந்தக் கூம்பும் இல்லை, கருசோவும் இல்லை. அதனால் அதே வகைப் பாட்டைப் பிற்காலத்தில் நல்ல மைக்கில் பாடின இன்னொருவரின் பதிவை அளவுகோலாக வைத்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூம்பின் குற்றம் என்று எடுத்துக் கழித்தார். 1976 இல் அது இசைத்தட்டாக வந்தபோது உலகம் வாயைப் பிளந்தது.

கவனிச்சுப் பாருங்க. அந்தத் திருத்தத்துக்குள் இன்னொரு மனிசனின் தொண்டை இருக்கிறது. "கருசோ இப்படித்தான் ஒலித்திருப்பார்" என்ற ஊகத்துக்கு ஆதாரம் வேறொருவரின் குரல்.

அதே பல்கலைக்கழகத்தில் 1979 இல் ஸ்ரீவன் போல் எழுதின ஆய்வுக்கட்டுரை இன்றைக்கும் எங்கட லப்டொப்புகளில் உயிரோடு இருக்கிறது. யாரும் பேசாத ஓர் இடத்தில் இரைச்சல் மட்டும் எப்படி இருக்கு எண்டு அளந்துகொள். பிறகு முழுப் பதிவிலும் இருந்து அந்த அளவைக் கழி. இலவச மென்பொருள்களில் இருக்கிற "இரைச்சல் மாதிரியை எடு, பிறகு குறை" என்ற வேலைக்கு அடிப்படை இதே எண்ணம்தான். அளவாகக் கழித்தால் நல்லது. பேராசையில் கூடக் கழித்தால் தண்ணிக்குள் குமிழி விடுகிற மாதிரி ஒரு சின்னக் கிண்கிணி ஓசை குரலைச் சுற்றி வரும். சுயமாகப் பாட்டுப் போட்டு யூரியூப்பில் ஏற்றுகிற என்ர நண்பர்கள் எல்லோருக்கும் இந்தக் குமிழியைத் தெரியும்.

அவர்கள் வேலை செய்கிற ஒழுங்கை ஒருக்கா சொல்றன். அறைக்குள் போனில் பதிந்த குரல் வருகிறது. முதலில் குரல் இல்லாத அடிப்பகுதியை, எண்பது ஹேர்ட்ஸுக்குக் கீழே, வெட்டுவார்கள். மேசை தட்டினது, மோட்டார் சைக்கிள் போனது எல்லாம் அதோடு போகும். பிறகு 50, 100, 150 ஹேர்ட்ஸில் ஊசி மாதிரி மெல்லிசாகக் குத்தி மின்சார "ம்ம்ம்" ஓசையை எடுப்பார்கள். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு. அதன் பிறகு இரைச்சல் கழிப்பு. அதற்குப் பிறகுதான் குரலின் ஏற்ற இறக்கத்தை ஒடுக்கிச் சமப்படுத்துவது. இந்த வரிசையை மாற்றினால், மெல்லிய இடங்களைத் தூக்குகிறபோது இரைச்சலும் சேர்ந்து எழும்பும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் குரல் தப்பும், ஒரே அடியில் துப்புரவாக்கப் போனால் தப்பாது. பாடுகிறவர் இன்னொரு முறை பாடலாம் என்றால் இதில் ஒன்றும் தேவையில்லை. யன்னலுக்குச் சீலை போட்டு, மைக்கைக் கிட்ட வைத்து, திரும்பப் பாடச் சொல்லலாம்.

என்ர அம்மப்பாவைத் திரும்பப் பாடச் சொல்ல ஏலாது. பிரச்சினை அங்கதான்.

பிரிப்பதா, ஊகிப்பதா?

கடைசிப் பெரிய மாற்றம் எங்கட கண்ணுக்கு முன்னால் நடந்தது. 2019 இல் டீசர் என்ற பிரெஞ்சு இசைக் கம்பனி, ஒரு பாட்டில் இருந்து குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரிக்கிற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. 2023 நவம்பரில் பீற்றில்ஸ் குழுவின் "நவ் அன்ட் தென்" வந்தது. ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோவோடு ஒரு சாதாரணக் கசற்றில் பாடி வைத்தது அது. 1995 இல் மற்ற மூன்று பேரும் அதை முடிக்கப் பார்த்துக் கைவிட்டார்கள். குரலும் பியானோவும் மின்சார ஓசையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்தன. இயக்குநர் பீற்றர் ஜக்சனின் குழு உருவாக்கின மென்பொருள் 28 வருசம் கழித்து அதைப் பிரித்தது.

அதைக் கேட்டபோது எனக்கும் நம்பிக்கை வந்தது. கசற்தானே, எங்கட கசற்றும் கசற்தானே எண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. இந்த மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கேட்டுப் பழகினவை. பியானோ எப்படி இருக்கும், ராப் பாட்டுக் குரல் எப்படி இருக்கும் எண்டு அவற்றுக்குத் தெரியும். வட்டக்களரி எப்படி இருக்கும் எண்டு ஆர் பழக்கினது? மத்தளம் அடிக்கிற அண்ணாவியாரே தாளக்கட்டுப் பாடுவார் எண்டும், கூத்தர் பாடி முடிக்க முதல் பிற்பாட்டுக்காரர் அடியைத் தூக்கிக்கொண்டு போவார்கள் எண்டும் அதுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது சும்மா விடுவதும் இல்லை. தனக்குத் தெரிந்த குரல்களை வைத்து நிரப்பும். என்ர கசற்றில் ஓர் இடத்தில் அம்மப்பா பாடின சொல்லே மாறிப்போயிருந்தது. இரைச்சலோடு கேட்டால் சொல் விளங்குகிறது, சுத்தமான பதிப்பில் அது அர்த்தமில்லாத ஓசை, ஆனால் அழகான ஓசை. ஸ்ரொக்கம் ஒரு பாடகரைக் கடன் வாங்கினார். இது பெயர் தெரியாத ஆயிரம் பேரைக் கடன் வாங்குது. அம்மா சொன்னது இதைத்தான்.

சுத்தம் செய்வதையும் குரலைப் புதிதாகச் செய்வதையும் ஒன்றாக்கக் கூடாது. 2024 இல் "லால் சலாம்" படத்தில் ஏ. ஆர். ரகுமான், காலமான பம்பா பாக்கியாவினதும் சாகுல் ஹமீதினதும் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அங்கே கேட்கிறவருக்கு இது செய்த குரல் என்று தெரியும். என்ர செயலி எனக்குத் தந்தபோது "சுத்தம் செய்யப்பட்டது" என்றுதான் எழுதியிருந்தது.

கூத்தையும் ஒருக்கா சுத்தம் செய்தோம்

இந்தக் கேள்வி மட்டக்களப்புக்குப் புதுசும் இல்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் "கர்ணன் போர்", "இராவணேசன்" போன்ற கூத்துகளை மேடையேற்றினார். மாணவனாக இருந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். வட்டக்களரியில் விடியும்வரை ஆடினது படச்சட்ட மேடையில் சில மணி நேரமாகச் சுருங்கியது. திரும்பத் திரும்ப வருகிற பிற்பாட்டும் நீண்ட வரவுகளும் வெட்டுப்பட்டன. அந்த வேலை இல்லாவிட்டால் படித்த நகரத்துச் சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்காது. அதை மறுக்க ஏலாது. ஆனால் 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மற்றவர்களும் சீலாமுனை ஊர்க் கூத்தர்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கியபோது வேறொரு கேள்வி எழும்பியது. சட்டம் கொடுப்பதில் இருந்து சதங்கை அணிவது, அரங்கேற்றம் வரை ஊர் கூடிச் செய்கிற முழு ஏற்பாடும்தானே கூத்து? எதை மாற்றுவது எண்டு ஆடுகிற சனம்தானே பேசி முடிவெடுக்க வேணும்?

ஒலிப்பதிவிலும் அதே கேள்விதான். கசற்றை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டபோது நான் இரைச்சல் என்று நினைத்தவை ஒவ்வொன்றாக ஆட்களாக மாறின. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மெல்லிய முணுமுணுப்பு இருந்தது. கொப்பியைப் பார்த்து அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கிறவருடைய குரல் அது. சலசலப்பாக இருந்தது கூத்தரின் சதங்கை. அதை எடுத்துவிட்டால் அவர் நிற்கிறாரா ஆடுகிறாரா எண்டு தெரியாது. ஓர் இடத்தில் சனம் "ஓ" என்று சத்தம் போடுகிறது. அந்த ராத்திரியில் அந்த அடி எவ்வளவு எடுபட்டது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அது. அழுகிற பிள்ளை ஆர் எண்டு அம்மாவைக் கேட்டேன். சிரிச்சா. "அது மாமாவாத்தான் இருக்கும்."

மட்டக்களப்பான் இதை விளங்கிக்கொள்ள வேணும். எங்கட வாவியில் பாடும் மீன் இருக்கெண்டு ஊர் உலகமெல்லாம் சொல்றம். யேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிப்பாட்டி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள்ளும் மற்ற முனையைக் காதிலும் வைத்துத்தான் சனம் அதைக் கேட்டது. தண்ணியின் ஓசையை முழுக்கக் கழித்துப் பாருங்கள். மீனும் போயிடும்.

சல்லரி சொன்ன அளவு

சரி, அப்ப அம்மப்பாவின் குரல் என்ன ஆச்சு?

சுத்தம் செய்யாத பதிவிலும் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. "அப்பாக்கு இவ்வளவு கீச்சுக் குரல் இல்ல" என்றா. முதலில் நான் நம்பேல்ல. இத்தனை வருசத்தில் ஞாபகம் மாறியிருக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் ஒரு விசயம் பிடிபட்டது. கசற்றின் தொடக்கத்தில் இருந்ததை விட முடிவில் எல்லாக் குரலும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போகிறது. மத்தளமும் ஏறுகிறது. ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சுருதி ஏற மாட்டார்கள்.

பற்றரி. பதிகிறபோது பற்றரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறித்தான் கேட்கும். அம்மாவின் ஞாபகம் சரி, நாடாதான் பிழை.

இதில் கொஞ்சம் ஆறுதல் தருகிற ஒரு கதை இருக்கு. 1860 இல் பிரான்சில் ஸ்கொட் என்பவர் புகை படிந்த தாளில் ஒலியலையைக் கோடாகப் பதிந்தார். கேட்பதற்காக இல்லை, பார்ப்பதற்காக. 2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளைக் கணினியால் ஒலியாக மாற்றியபோது, ஒரு பெண்ணோ சிறுமியோ பாடுகிற குரல் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அடுத்த வருசம் திருத்தினார்கள்: வேகம் இரண்டு மடங்காகிவிட்டது, அது ஒரு ஆணின் குரல், பெரும்பாலும் ஸ்கொட்டின் சொந்தக் குரல். அவர்களைக் காப்பாற்றினது, அவர் பாட்டுக்குப் பக்கத்தில் பதிந்து வைத்திருந்த ஓர் இசைக்கவையின் அதிர்வுக் கோடு. அதன் அளவு தெரியும். எப்படி எண்ணுவது என்பதில்தான் முதலில் பிழைத்தார்கள்.

எனக்கு இசைக்கவையும் இல்லை, பெர்லின்காரர் ஊதின குழலும் இல்லை. ஆனால் அந்தக் கூத்தில் சல்லரி போட்ட அப்பு இன்னும் இருக்கிறார். எழும்பி நடக்கக் கஷ்டம். அவருடைய சல்லரியும் இருக்கிறது, ஒரு பழைய பால்மா ரின்னுக்குள், துணியில் சுற்றி. வெண்கலத்துக்கு வயசு போனாலும் குரல் மாறாது. போனைக் கிட்டப் பிடித்து நாலு தரம் தட்டச் சொன்னேன். தட்டினார். ஐந்தாவது தரம் தானாகவே ஒரு தாளத்தைத் தொடங்கி, கை நோகும்வரை போட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கசற்றின் தொடக்கத்தில் சல்லரி ஏறத்தாழ நாலு வீதம் உயரத்தில் நிற்கிறது. முடிவில் பதினொரு வீதம். பதினொரு வீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு அரைச்சுரம். நாடாவின் வேகத்தை இடத்துக்கு இடம் அந்த அளவுக்கு இறக்கினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. இரைச்சலைக் கழிக்கவில்லை, மத்தளத்தைக் குறைக்கவில்லை.

அம்மா திரும்பக் கேட்டா. இந்த முறை கண்ணை மூடேல்ல. இரண்டாவது அடியிலேயே கூடச் சேர்ந்து பிற்பாட்டுப் பாடத் தொடங்கிட்டா.

யோசிச்சுப் பாருங்க. செயலி முதல் வேலையாக அழித்தது அந்தச் சல்லரியைத்தான். அதன் ஒலி நாடாவின் இரைச்சல் இருக்கிற அதே உயரத்தில் இருப்பதால், இரண்டையும் ஒன்றாக எண்ணித் துடைத்துவிட்டது. நானும் சுத்தமான பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கசற்றை எறிந்திருந்தால், அம்மப்பாவின் உண்மையான குரல் எது எண்டு சொல்ல இந்த உலகத்தில் ஓர் அளவுகோலும் மிஞ்சியிருக்காது.

அலுமாரியைத் திறக்கிறவர்களுக்கு

சர்வதேச ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் சொல்கிற விதி இதுதான்: மூலத்தில் இருந்து எடுக்கிற முதல் பிரதியில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது. குறைந்தது 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் எடுக்க வேண்டும். 96 என்றால் இன்னும் நல்லது. திருத்தம் எல்லாம் அதன் நகலில். போனுக்கு முன்னால் பிளேயரை வைத்துப் பதியாமல், வயர் போட்டு நேராக எடுங்கள். பிளேயரின் தலையை அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். இரைச்சல் குறைப்புப் பொத்தானை முதலில் நிப்பாட்டிக் கேளுங்கள். தலையின் சரிவைச் சின்னத் திருகாணியால் திருத்தினாலே பாதி மங்கல் போயிடும், செயலி தேவைப்படாது. நகலில் என்ன செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

கேட்கிறதுக்கு இலகுவாக ஒரு சுத்தமான பதிப்பும் செய்யலாம், அதில் பிழையில்லை. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதன் பெயரில் "திருத்தியது" எண்டு எழுதியிருக்கு. அந்தப் பெயரை எடுத்துவிட்டு யூரியூப்பில் போட்டால், பத்து வருசத்தில் அதுதான் அசல் எண்டு ஆகிவிடும். இப்பவே எங்கட ஊர்க் கூத்துகள் சில அப்படித்தான் உலாவுது.

எல்லாத்தையும் விட முக்கியமானது ஆட்கள். கசற்றில் இருக்கிறவர்களைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். முணுமுணுப்பது ஆர், அழுகிற பிள்ளை ஆர், மத்தளம் ஆருடையது எண்டு எந்த மென்பொருளும் சொல்லாது. அதைக் கேட்டு எழுதிவைக்க லப்டொப் தேவையில்லை. அடுத்த கிழமை நான் சல்லரிக்கார அப்புவிடம் திரும்பப் போறன். இந்த முறை முழுக் கசற்றையும் அவருக்குப் போட்டுக் காட்ட.